பழைய டீசல் ஸ்விஃப்ட்டுக்கு 20டபிள்யூ-50 ஊத்தலாமா?

20டபிள்யூ-50ங்கிறது கெட்டியான இன்ஜின் ஆயில், அது வேண்டாம். உங்க 2011 டீசல் ஸ்விஃப்ட்டுக்கு குளிர்ல அதைவிட இளக்கமா ஓடுற ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ-40 போதும். டின் பின்னாடி ஏசிஇஏ ஏ3/பி4னு (ஐரோப்பிய ஆயில் தரக் குறி) இருக்கணும். மேனுவல் கையில இருந்தா அதோட ஒருமுறை ஒத்துப் பாருங்க.

"ஆயில் குறையுது, கெட்டியா ஊத்துங்க"ன்னு தர்மபுரி மெக்கானிக் சொன்னது பழைய லாரிக் கணக்கு. இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற டர்போவோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல, ஆயில் படலத்துல மிதந்துகிட்டு சுத்துது. மார்கழிக் காலையில ஸ்டார்ட் பண்ணா கெட்டி ஆயில் அங்க போய்ச் சேரவே லேட்டாகும். இந்த இன்ஜின்ல டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் ஆயில் பிரஷரை நம்பித்தான் இருக்கு.

தொப்பூர் கணவாய் ஏறும்போது நீலப் புகை, டிப்ஸ்டிக்ல அளவு இறக்கம்னு சொல்றீங்க. எனக்கு டர்போ சீல் மேலதான் சந்தேகம், இல்லன்னா டர்போவிலிருந்து ஆயில் கீழ இறங்குற பைப்ல கசடு அடைச்சிருக்கும்.

இன்ஜின் ஆறினதும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காத்து போற ஹோஸைக் கழட்டி உள்ள விரல் விட்டுப் பாருங்க. லேசா பிசுபிசுப்பு இருந்தா சகஜம். தேங்கி நின்னா சரியில்ல. அப்படியே ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸையும் கழட்டி, டர்போ ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க. ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா டர்போவைக் கழட்ட வேண்டியதுதான், எந்த ஆயிலும் காப்பாத்தாது.

ஹோஸ்ல ஆயில் தேங்கியிருந்தா வண்டியை ஓட்டாதீங்க. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு தானா ரேஸ் ஆகலாம், அப்போ சாவியை அணைச்சாலும் நிக்காது. டோ பண்ணிக் கொண்டு போங்க.