பெரிய கிராணிக்கு யார் துணை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் பன்னிரண்டு வருடம் கிராணியாக (கிளார்க்) இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் பெரிய கிராணி ஆக்கினார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த நாற்காலியில் இதுவரை பெண் உட்கார்ந்ததில்லை. முக்கியமான பேச்செல்லாம் மாலையில் ஆண்கள் கூடும் கோப்பிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது. கோலாலம்பூரில் பெண்கள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் முப்பது பேரின் பெயர் அட்டைகளோடு வந்தேன். ரப்பர் வளையம் போட்டு மேசைக்குள் வைத்ததோடு சரி. வழிகாட்ட யாருமில்லை அக்கா.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் வாழ்த்து, தங்கச்சி.

கோப்பிக்கடையில் நீங்களும் போய் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். பேச்சு அங்கே போவதற்கு முன்னால் உங்கள் கருத்து மேனேஜர் மேசைக்குப் போய்விடட்டும். காலையிலேயே, அரைப் பக்கம், கணக்கோடு. மாலையில் அவர்கள் அந்தத் தாளைத்தான் பேசியாக வேண்டும்.

அப்புறம் வழிகாட்டி. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நானே அப்படிக் கேட்டு ஏமாந்தவள். ஒரே ஒரு சங்கடத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் எழுதித் தரும் குலை எண்ணிக்கைக்கும் ஆலையின் எடைச் சீட்டுக்கும் பொருத்தமில்லை என்று வையுங்கள். மண்டோரோ உங்கள் அப்பாவின் கூட்டாளி. பேச்சை எப்படி எடுப்பது? பயிற்சியில் இதற்கெல்லாம் பதில் இல்லை. வேலை ஓய்வாகித் தாமானில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பழைய பெரிய கிராணியிடம் இருக்கும். ஆண்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வழிகாட்டுகிறவர் வேறு, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரை எடுக்கிறவர் வேறு. பெண்களுக்கு அறிவுரைக்குக் குறைவே இல்லை (இதோ, நானும் ஒரு கூடை கொட்டுகிறேன்). பஞ்சமெல்லாம் இரண்டாமவருக்குத்தான், அதற்குப் பதவியில் உள்ளவர் வேண்டும். துணை மேனேஜரிடம் நேராகவே கேளுங்கள்: "அடுத்த கூட்டத்தில் கணக்கை நானே எடுத்துச் சொல்கிறேன் சார்."

கோலாலம்பூர்த் தொடர்பு இருக்கட்டும், உள்ளூரைப் பாருங்கள். நம் அம்மாக்கள் கூட்டுக் (சீட்டு) கட்டினார்களே, யாருக்கு அவசரம், யார் சொன்ன சொல் தவறமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். (கூட்டு நடத்துவதற்கு எதிராக 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. பணத்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் சேருங்கள்!) நம் நாட்டு ஆசிரியை ராசம்மா பூபாலன் 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துத்தான் சம சம்பளம் கேட்டார். ஒருத்தியாகப் போயிருந்தால் பொறாமை, பேராசை என்று ஏதாவது பெயர் வைத்து அனுப்பியிருப்பார்கள். பக்கத்துத் தோட்ட ஆபீஸ், கிளினிக், தமிழ்ப்பள்ளி, பேங்க் என்று தேடினால் உங்களைப் போலப் பொறுப்பில் நாலு பெண்கள் அகப்படுவார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, தேயும் வடையும் போதும். புலனக் (வாட்ஸ்அப்) குழு மட்டும் வேண்டாம். இரண்டே வாரத்தில் காலை வணக்கப் பூக்கள் குவிந்துவிடும்.

அந்த முப்பது அட்டையில் முகம் ஞாபகம் இருக்கிற மூன்று பேரை எடுங்கள். "பயிற்சியில் மதியச் சாப்பாட்டில் உங்கள் பக்கத்தில் இருந்தேன், ஒரு சந்தேகம் கேட்கலாமா?" இவ்வளவு எழுதினால் போதும். ரப்பர் வளையம் இற்று அட்டையில் ஒட்டிக்கொள்வதற்குள் அனுப்பிவிடுங்கள்.