தொப்பூர் கணவாயில் நின்றுபோகும் ஜோங்கா

ராணுவத்தில் ஓடிய பழைய ஜீப் வகை வண்டியான ஜோங்கா ஏற்றத்தில் நின்றுபோகிறது, கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள், அதில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. சேலத்திலிருந்து ஏறும்போது தொப்பூரில் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது என்றால், பெரும்பாலும் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. 3956 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், ஏற்றத்தில் அந்த பானெட்டுக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

அடுத்த முறை நின்றவுடன் இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் லிங்கைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்சினால் பெட்ரோல் வரத்தில் குறையில்லை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள், சூடானதும் ஸ்பார்க் விடாத காயிலும் இதே மாதிரிதான் ஏமாற்றும். பீய்ச்சவில்லையா, முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, அதைச் சுத்தம் செய்தாலே போதும். சத்தமில்லை என்றால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் ஆவி அடைப்புதான்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் ஜோங்காவில், ஏலத்துக்கு வருவதற்கு முன்பே யாரோ போட்ட ரப்பர் குழாய் எக்ஸாஸ்டுக்கு ஒரு விரல் தூரத்தில் போனது, அதைத் தள்ளிக் கட்டி மேலே தகடு மறைப்பு வைத்ததும் தொல்லை தீர்ந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் குழாயாகவே வாங்குங்கள், பழைய ரப்பர் ஊறிப்போய்விடும்.

ஈரத்துணி பம்பில் மட்டும், சூடான எக்ஸாஸ்ட் வார்ப்பு இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.