மொரிஸ் மைனர் வாங்குவதானால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

பழைய கார் பற்றி வந்த கடிதங்களில் நான்கு இந்த இதழுக்கு.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே மொரிஸ் மைனர் என்றால் உயிர். சீட்டுக் காசும் சேமிப்புமாகப் பத்து லட்சம் கையில் இருக்கிறது. அப்புறம் மாதம் பதினைந்தாயிரம் வரை ஒதுக்கலாம். எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது? வீட்டில் இது வீண் செலவு என்கிறார்கள்.
– ஓர் ஆசிரியர், தலவாக்கலை

பதில்: சேர், முதலில் காசைப் பிரித்து வையுங்கள். பத்து லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிட்டால் கார் கராஜில் நிற்கும், நீங்கள் பஸ்ஸில் போவீர்கள். ஏழுக்குள் கிடைத்தால் வாங்குங்கள். மிச்சம் மூன்று லட்சத்தில் கை வைக்காதீர்கள்; பிரேக், டயர், வயரிங், டிங்கரிங் என்று முதல் வருடத்திலேயே அது போய்விடும். இந்த வயதுக் காருக்கு லீசிங் கிடைப்பது அரிது. அதற்காக நகையை அடகு வைக்கவும் வேண்டாம். ஆசைக்கு வாங்கிய சாமானுக்கு வட்டி கட்டத் தொடங்கினால், அதைப் பார்க்கிற நேரமெல்லாம் மனம் கசக்கும். கார் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ளவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பெயின்டின் பளபளப்புத் தெரியும், அவருக்கு விலை தெரியும்.

தேடுவதற்கு நம் மலையகத்தைவிட நல்ல இடம் இல்லை. என் அப்பா டிக்கோயாப் பக்கம் பங்களா டிரைவராக இருந்தவர். துரைமார் என்னென்ன கார் வைத்திருந்தார்கள் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன கார்கள் கிளாக்கர், டீமேக்கர், டவுன் முதலாளி என்று கை மாறின. 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். இன்றும் பல கார்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நிற்பது அதனால்தான். அவை விளம்பரத்தில் வராது. அட்டன், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் வயதான டிங்கரிங் பாஸ் (தகடு வேலை மேசன்) ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். எந்தக் கார் எந்த வீட்டில் நிற்கிறது, எப்போது கடைசியாக ஓடியது என்று அவருக்குத் தெரியும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கும் போய் வாருங்கள். மகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அதைப் பார்க்க வருகிறவர்களில் பழைய கார்க்காரர்கள் நிறையப் பேர். ஒருவரோடு பழகினால் பத்துப் பேர் அறிமுகமாவார்கள்.

கார் எங்கே நின்றது என்பதும் முக்கியம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பெய்கிற மழையில் இரும்பு தாங்காது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் நின்ற காராக இருந்தால் ஒரு படி நம்பிக்கையோடு பார்க்கலாம். கடற்கரையோரத்தில் நின்றது என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எல்லாரும் பொனட்டைத் திறப்பார்கள். நீங்கள் சாக்கு ஒன்றை விரித்து அடியில் படுங்கள். மைனருக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது; பொடிதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் ஓரப் பெட்டி, முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், நடுவில் குறுக்கே போகும் தாங்கு தகடு, பின்னால் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம் – துருப்பிடிப்பது இந்த நான்கிலும்தான். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்புறம் உள்ளே பாயை விலக்கி, பெருவிரலால் தரையை அழுத்துங்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தால் பாயைப் போட்டுவிட்டு, நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

முன் சக்கரம் இரண்டையும் ஜக் போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கீழ் முட்டில் மரை போட்ட துண்டு ஒன்று இருக்கிறது, டிரனியன் என்பார்கள். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். ரம்பொடை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி கிரீஸ் அடித்தால் போதும், அதற்குப் பெரிய செலவில்லை.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். பழுதென்றால் திருத்தலாம், பார்ட்ஸும் கிடைக்கும். கொழும்பில் பழைய பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடலாம், இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு காலத்தில் இலங்கையிலேயே மைனர் தகடு அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை. முதல் காருக்கு மைனரைச் சொல்வது இதனால்தான். ஹில்மன், ஃபோர்ட் பிரிஃபெக்ட் மாதிரிப் பழைய கார்கள் சில நேரம் விலை குறைவாக வரும், ஆனால் உடைந்த சாமானுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

மைனரிலும் வித்தியாசம் உண்டு. 1952 முதல் 1956 வரை வந்த 803 சீசீ எஞ்சின் நம் ஏற்றத்துக்குக் காணாது. 1956க்குப் பிறகு வந்த 948, அல்லது 1962க்குப் பிறகு வந்த 1098 எடுங்கள். 1098இல் முன் பிரேக் டிரம்மும் பெரிது. பின்பக்கம் மரச்சட்டம் போட்ட டிரவலர் அழகான கார்தான், ஆனால் அந்த மரம்தான் பொடியையே தாங்குகிறது. நம் பனியிலும் மழையிலும் அது உளுத்துப் போகும். ஷெட் இல்லாதவர்கள் தொடவே கூடாது.

சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் டக், டக், டக் என்று அடித்து, மெல்லக் குறைந்து நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஓட்டும்போது முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஊசி வளைவில் இரண்டாவதிலேயே ஏறப் பழக வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது.

கடைசியாகப் புக், அதாவது காரின் பதிவுப் புத்தகம். விற்பவரின் பெயரும் புக்கில் உள்ள பெயரும் ஒன்றா? செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் உங்கள் கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். "ஓப்பன் பேப்பர் இருக்கு, எப்ப வேணுமானாலும் மாத்தலாம்" என்று, வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தைக் காட்டினால் வேண்டாம். புக்கில் பெயர் உள்ளவர் வந்து உங்கள் முன்னால் கையெழுத்திட்டால்தான் முழுக்காசு. ஈஎன், ஈவை, சீஎல் என்று தொடங்கும் நம்பர் முந்தியது, அதற்குப் பிறகு வந்தது சிங்கள ஶ்ரீ எழுத்துப் போட்ட நம்பர். அந்த ஶ்ரீ எழுத்தை எதிர்த்து 1958இல் நடந்த போராட்டத்தின்போது பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிஸ் சூட்டில் இறந்தார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள் சேர்.

கேள்வி: காலமான அப்பாவின் ஒஸ்டின் ஏ40 கொட்டகையில் பல வருடமாக நிற்கிறது. ஒருவர் வந்து, தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு விலை சொல்வதாகச் சொல்கிறார். விடலாமா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: விடவே விடாதீர்கள் தங்கச்சி. நின்ற எஞ்சினைத் தள்ளி உருட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டர் கீறும். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய ஒயில் ஊற்றி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். அப்புறம் முன்னால் ஹேண்டில் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றுகிறது என்றால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி பேசலாம். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். பிரேக் ஹோஸ் மாற்றாமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

புக் அப்பாவின் பெயரில் இருந்தால், விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கும் முன்பே வாரிசுகள் எல்லாரும் பேசிக்கொண்டு, மரணச் சான்றிதழோடு மோட்டார் வாகனத் திணைக்களத்தில் விசாரியுங்கள். லைசன் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால் வைத்திருங்கள் என்பேன். அப்பா ஓட்டிய கார் விலைக்கு வராது.

கேள்வி: நிசான் எஞ்சின் போட்ட மைனர் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரிஜினல் இல்லை என்று நண்பர்கள் தடுக்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: தினமும் ஓட்டத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள் தம்பி. இரண்டே நிபந்தனை: எஞ்சின் மாற்றியது புக்கில் பதிவாகியிருக்க வேண்டும், பிரேக்கையும் அந்த எஞ்சினுக்கேற்றபடி மாற்றியிருக்க வேண்டும். வேகமாக ஓடுகிற எஞ்சினும் பழைய சின்ன டிரம்மும் சேர்ந்த காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2002இலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இந்தக் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முழு வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் வால்வ் சீட், அதாவது வால்வ் வந்து உட்காரும் இடம், தேயலாம். அதற்கு அடையாளம் வால்வ் இடைவெளி குறைந்துகொண்டே போவது. சர்வீஸ் தோறும் அளந்து பாருங்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால், அப்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம். அதுவரை 92 ஒக்டேன் பெட்ரோல் போதும்.