பக்கப்பட்டையில் எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது?

கேள்வி: 2012 முதல் கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகரில் எழுதி வருகிறேன். சமையல் குறிப்பு, கோயில் பயணம் என்று 400 பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன. வலது பக்கப்பட்டையில் பழைய விட்ஜெட்டுகள் (பட்டையில் வைக்கும் சிறு பெட்டிகள்) நிறைய சேர்ந்துவிட்டன. சில வேலையே செய்வதில்லை. தேடுபெட்டி, வகைப் பட்டியல், மின்னஞ்சல் சந்தா மூன்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்த ஆசை. ஒருமுறை யாரோ அனுப்பிய நிரலை ஒட்டியதும் பக்கப்பட்டை முழுவதும் பதிவுகளுக்குக் கீழே போய்விட்டது, பயந்துபோய் எடுத்துவிட்டேன். போனில் பார்த்தால் பக்கப்பட்டையே தெரிவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

எடுப்பதிலிருந்து தொடங்குங்கள் அம்மா. சேர்ப்பது அப்புறம்.

பக்கப்பட்டைக்கு ஒரே ஒரு வேலைதான் என்பது என் கருத்து: ஒரு பதிவைத் தேடி வந்தவரை இன்னொரு பதிவுக்கு அழைத்துப்போவது. கூகுளில் 'அரிசி உப்புமா' என்று தேடி உங்களிடம் வந்தவர், செய்முறையைப் படித்து முடித்ததும் ஓரத்தில் ஒரு பார்வை பார்ப்பார். அங்கே கடிகாரமும் பார்வையாளர் எண்ணிக்கையும் இருந்தால் கிளம்பிவிடுவார். 'சிற்றுண்டி வகைகள்' என்று ஒரு வரி இருந்தால் அதைத் தொட்டுப் பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய 400 பதிவுகள் கண்ணில் படாமல் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு விட்ஜெட்டையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பட்டியலில் 'தீம்' (வலைப்பூவின் தோற்றம்) என்பதைத் திறந்து, 'கஸ்டமைஸ்' பொத்தானை ஒட்டியிருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் 'பேக்கப்' என்று வரும். அந்தக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்க வேண்டாம். நிரல் ஒட்டி வைத்திருக்கும் எச்டிஎம்எல் விட்ஜெட் ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பதை நோட்பேடில் நகலெடுத்து, இது எதற்கானது என்று மேலே ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். தீம் மாற்றும்போது விட்ஜெட்டுகள் காணாமல் போவது உண்டு. (உங்கள் பிளாகர் தமிழ் முகப்பில் இருந்தால் பொத்தான்களின் பெயர் தமிழில் இருக்கும், இருக்கும் இடம் அதேதான்.)

எவற்றை எடுப்பது?

2012இல் தொடங்கிய வலைப்பூ என்பதால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கூகுள் ரீடர் பொத்தான் இருந்தால் எடுத்துவிடுங்கள்; பல தளங்களின் புதுப்பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய அந்தச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் அட்டையும் வேண்டாம். அந்தச் சமூக வலைத்தளம் 2019 ஏப்ரலில் முடிந்துபோனது. 'ஃபாலோ பை ஈமெயில்' பெட்டி பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அதற்குப் பின்னால் இருந்த ஃபீட்பர்னர், 2021இல் மின்னஞ்சல் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டியில் முகவரி தட்டிய வாசகர், உங்கள் பதிவு வரும் என்று காத்திருப்பார்.

அடுத்து ஓட்டுப்பட்டைகள்: பல வலைப்பூக்களின் புதுப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் திரட்டிகள், பதிவுக்கு ஓட்டுப் போடத் தந்த பொத்தான்கள். 2004இல் தொடங்கிய தமிழ்மணமும் அதன்பின் வந்த மற்ற திரட்டிகளும்தான் அந்தக் காலத்தில் தமிழ் வலைப்பூக்களுக்கு வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவற்றின் நிரல் இல்லாத பக்கப்பட்டையைப் பார்ப்பதே அரிது. திரட்டிகளில் பெரும்பாலானவை இன்று இயங்குவதில்லை. ஆனால் உங்கள் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிரல் ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் காத்திருக்கிறது. பக்கம் மெதுவாகத் திறப்பதற்குப் பல வலைப்பூக்களில் இதுவே காரணம். சில நிரல்கள் 'எஸ்' இல்லாத பழைய எச்டிடிபி முகவரியைக் கூப்பிடும். உங்கள் வலைப்பூ பாதுகாப்பான இணைப்பில் இயங்கினால் உலாவி அவற்றைத் தடுத்துவிடும். அந்த இடம் வெறும் கட்டமாக நிற்கும்.

மெதுவாகத் திறப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் கவிதை வலைப்பூவைத் திறந்தால், சில நொடிகளில் சூதாட்ட விளம்பரம் ஒன்றுக்குத் தாவிவிடும். கணக்கையே யாரோ திருடிவிட்டார்கள் என்று அவர் கலங்கிப்போனார். கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பார்த்தால், பல வருடத்துக்கு முன் ஒட்டிய ஒரு பார்வையாளர் கவுன்டர்தான் காரணம். அதை நடத்தியவர்கள் தளத்தைக் கைவிட்டிருந்தார்கள். அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் நிரலுக்கு இடம் கொடுப்பது வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுப்பது போன்றது. சாவி வைத்திருந்தவர் மாறிவிட்டால் அது புதியவர் கைக்குப் போய்விடும். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத கவுன்டர், வானிலை, பாட்டுப்பெட்டி எதுவும் வேண்டாம்.

எது கோளாறு செய்கிறது என்று தெரியாவிட்டால், எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள். விட்ஜெட்டைத் திறந்தால் அதைக் காட்டவும் மறைக்கவும் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றாக மறைத்து, வலைப்பூவை வேறு சன்னலில் திறந்து பாருங்கள். கோளாறு நின்றால் கடைசியாக மறைத்ததுதான் குற்றவாளி.

இனி சேர்க்கலாம்

'லேஅவுட்' பக்கத்துக்குப் போங்கள். வலைப்பூவின் வரைபடம் கட்டம் கட்டமாகத் தெரியும். பக்கப்பட்டைப் பகுதியில் 'ஆட் எ கேட்ஜெட்' என்று இருப்பதை அழுத்தினால் பட்டியல் விரியும் (நாம் விட்ஜெட் என்பதை பிளாகர் கேட்ஜெட் என்கிறது, அவ்வளவுதான்). வேண்டியதைத் தேர்ந்து, தலைப்பைத் தமிழில் மாற்றி, சேமியுங்கள். மேலும் கீழும் இழுத்து வரிசையை மாற்றலாம். வரிசையை மாற்றிய பிறகு கீழே வலது மூலையில் இருக்கும் சேமிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, 'மாற்றினேன், மறுபடி பழையபடி ஆகிவிட்டது' என்கிறார்கள்.

முதலிடம் தேடுபெட்டிக்கு. அதில் மாற்ற ஒன்றுமில்லை, வைத்தால் போதும். ஆனால் தேடுபெட்டி மட்டும் போதாது. வாசகர் 'சுண்டல்' என்று தேடுவார். நீங்கள் 'கொண்டைக்கடலை தாளிதம்' என்று தலைப்பு வைத்திருப்பீர்கள். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் லேபிள், அதாவது பதிவுக்கு நீங்கள் கொடுக்கும் வகைப்பெயர்.

லேபிளுக்கு ஒரு முழு மாலை நேரம் ஒதுக்குங்கள். இந்த வேலையில் மிகுந்த பலன் தருவது இதுதான். இத்தனை வருடத்தில் 'சிறுதானியம்', 'சிறுதானியங்கள்', 'சிறு தானியம்' என்று மூன்று விதமாக எழுதியிருப்பீர்கள். பிளாகருக்கு அவை மூன்றும் வெவ்வேறு வகை. 'போஸ்ட்ஸ்' பக்கத்தில் ஒரு லேபிளைத் தேர்ந்து வடிகட்டி, வரும் பதிவுகளை எல்லாம் டிக் செய்து, மேலே வரும் லேபிள் குறியை அழுத்திச் சரியான பெயரைக் கொடுக்கலாம், தவறானதை நீக்கலாம். பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. அதன்பின் லேபிள் விட்ஜெட்டில் 'எல்லா லேபிள்களும்' என்பதை விட்டுவிட்டு 'தேர்ந்தெடுத்தவை' என்பதை வைத்து, பத்துப் பன்னிரண்டு மட்டும் காட்டுங்கள். 'மேகம்' வடிவம் வேண்டாம், 'பட்டியல்' போதும். நீளமான தமிழ்ச் சொற்கள் பெரிதும் சிறிதுமாக மேகத்தில் நெருங்கி நின்றால் கண் எதிலும் நிற்காது. 'திவ்யதேசங்கள்', 'பாடல் பெற்ற தலங்கள்', 'பண்டிகைப் பலகாரம்', 'ஊறுகாய்' என்று வாசகர் வாயில் வரும் பெயர்களாக இருக்கட்டும்.

மூன்றாவதாக நீங்களே தேர்ந்தெடுத்த பதிவுகள். பலரும் இங்கே 'பாப்புலர் போஸ்ட்ஸ்' விட்ஜெட்டை வைப்பார்கள். அது கடைசி 7 நாள், 30 நாள், எல்லாக் காலமும் என்ற கணக்கில் அதிகம் பார்த்தவற்றைக் காட்டும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அதிகம் பார்த்தது பட்டியலில் வரும். பட்டியலில் இருப்பதால் மேலும் அதிகம் பார்ப்பார்கள். உங்கள் நல்ல பதிவு ஒன்று அதற்குள் நுழையவே முடியாது. வைப்பதென்றால் 30 நாள் கணக்கில் 5 பதிவு வையுங்கள். அதைவிட, 'லிங்க் லிஸ்ட்' விட்ஜெட்டில் உங்கள் கையால் 7 பதிவுகளைச் சேருங்கள். எது உங்கள் சிறந்த எழுத்து என்று உங்களுக்குத் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது.

பழைய பதிவுகளின் மாதவாரிப் பட்டியல் கீழே இருக்கட்டும். கோயில் பயணத்துக்கு அது ஓரளவு உதவும், சமையலுக்கு யாரும் தேட மாட்டார்கள். உங்களைப் பற்றி நாலு வரி, ஒரு படம், அது போதும்.

மின்னஞ்சல் சந்தாவுக்கு இப்போது வெளிச்சேவைதான் வழி. உங்கள் வலைப்பூவின் ஓடையை (புதுப்பதிவுகளைத் தானாகத் தரும் 'ஃபீட்') வாங்கிக்கொண்டு புதுப்பதிவு வந்தால் அஞ்சல் அனுப்பும் சேவைகள் உள்ளன. அவை தரும் படிவ நிரலை எச்டிஎம்எல் விட்ஜெட்டில் ஒட்ட வேண்டும். சேர்வதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: சந்தாதாரர் பட்டியலை நீங்கள் இறக்கிக்கொள்ள அனுமதிக்கிறார்களா? இல்லையென்றால் வேண்டாம். உங்கள் வாசகர்களுக்கு வாட்ஸ்அப் சேனல் இதைவிடப் பொருந்தும் என்று தோன்றுகிறது. இந்தியாவில் 2023 முதல் அந்த வசதி உள்ளது. பின்தொடர்பவர்களுக்கு உங்கள் எண் தெரியாது. பிளாகரின் 'இமேஜ்' விட்ஜெட்டில் ஒரு படத்தை ஏற்றி, அதற்கான இணைப்புப் பெட்டியில் சேனலின் முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. நிரலே தேவையில்லை.

அன்று பக்கப்பட்டை ஏன் கீழே போனது?

நீங்கள் ஒட்டிய நிரலைப் பார்க்காமல் சொல்வதென்றால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, நிரலில் திறந்த குறியை மூடாமல் விட்டிருப்பார்கள், அல்லது ஒரு முறை கூடுதலாக மூடியிருப்பார்கள். 'டிவ்' என்ற குறி எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை முறை மூட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பக்கப்பட்டையின் சுவர் இடிந்த மாதிரிதான். இரண்டாவது, அகலம். யூடியூப் தரும் நிரலில் அகலம் 560, உயரம் 315 என்று இருக்கும். உங்கள் பக்கப்பட்டை 260 பிக்சல் என்றால் காணொளி அதற்குள் அடங்காது. 560 இருக்கும் இடத்தில் 100% என்று மாற்றி, உயரத்தை 180 அளவுக்குக் குறைத்தால் அடங்கும்.

நிரல் வேலையே செய்யாமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. நிரலில் நேரான மேற்கோள்குறிதான் இருக்க வேண்டும். வேர்டு வழியாகவோ அரட்டைச் செய்தி வழியாகவோ வரும்போது அது வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உலாவிக்கு அப்படி இல்லை. நிரலை அதன் மூலப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து நேரடியாக விட்ஜெட்டில் ஒட்டுங்கள்.

பயமாக இருந்தால், அதே கணக்கில் இன்னொரு வலைப்பூ தொடங்கி, யாருக்கும் தெரியாதபடி தனிப்பட்டதாக வைத்து, அங்கே ஒட்டிப் பாருங்கள். ஒரு கணக்கில் 100 வலைப்பூ வரை வைத்துக்கொள்ளலாம். நான் இன்றும் எதையும் முதலில் சோதனை வலைப்பூவில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

போனில் ஏன் தெரிவதில்லை?

2012இல் நீங்கள் எடுத்தது அநேகமாக 'சிம்பிள்' போன்ற பழைய தீமாக இருக்கும். அவை போனுக்கென்று வேறொரு எளிய வடிவத்தைக் காட்டும்; அதில் தலைப்பு, பதிவு, சுயவிவரம் போன்ற ஒருசில மட்டுமே வரும். உங்கள் லேபிளும் தேடுபெட்டியும் வராது. கணினியிலேயே இதைப் பார்க்கலாம்: வலைப்பூ முகவரியின் முடிவில் கேள்விக்குறி, ஆங்கில எம், சமக்குறி, 1 என்று சேர்த்துத் திறந்தால் போன் வடிவம் வந்து நிற்கும்.

பழைய தீமை வைத்துக்கொண்டே ஒவ்வொரு விட்ஜெட்டையும் போனில் வரவைக்க வழி இருக்கிறது, ஆனால் தீமின் நிரலுக்குள் போய்த் திருத்த வேண்டும். உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 2017இல் வந்த கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் ஆகிய தீம்கள் திரைக்கு ஏற்ப தாமே மாறும். அவற்றில் ஒன்றைச் சோதனை வலைப்பூவில் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள். இந்தத் தீம்களில் போனில் பக்கப்பட்டை மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டவருக்குத்தான் தெரியும். அதனால் நீங்கள் தேர்ந்த 7 பதிவுகளின் பட்டியலைப் பக்கப்பட்டையில் வைக்காமல், 'லேஅவுட்' பக்கத்தில் பதிவுகளுக்குக் கீழே இடம் இருந்தால் அங்கே இழுத்து வையுங்கள். செய்முறையைப் படித்து முடித்த கட்டைவிரல் நேராக அதில் வந்து நிற்கும்.

அழகு பற்றி இரண்டு சொல். 'கஸ்டமைஸ்' உள்ளே விட்ஜெட் தலைப்பின் நிறம், எழுத்து, அளவு எல்லாம் மாற்றலாம். அங்கே காட்டும் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. எதைத் தேர்ந்தாலும் தமிழ், வாசகரின் கருவியில் இருக்கும் எழுத்துருவில்தான் தெரியும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் ண, ஞ இரண்டும் அடைத்துக்கொள்ளும். வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்; மேலே எழும் 'கீ'யும் கீழே இறங்கும் 'மூ'வும் இடித்துக்கொள்ளாது.

இதே கேள்வியோடு, வலைப்பூ நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான வேர்டுபிரஸ் பயன்படுத்துபவர்களும் இருப்பார்கள். அங்கே 'அப்பியரன்ஸ்', அதற்குள் 'விட்ஜெட்ஸ்'. 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து அந்தப் பக்கம் பிளாக் முறைக்கு (ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக அடுக்கும் முறைக்கு) மாறிவிட்டது. பழைய முறைதான் கைக்கு வருகிறது என்றால் 'கிளாசிக் விட்ஜெட்ஸ்' செருகுநிரலை நிறுவினால் போதும்.

அந்த 7 பதிவுகள் பட்டியலை அப்படியே விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆடியில் கூழும் அம்மன் கோயில்களும், நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பே சுண்டல் வகைகளும், மார்கழியில் பெருமாள் கோயில்களும் வெண்பொங்கலும் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒருமுறை மாற்ற 5 நிமிடம் ஆகும்.