கணினி கேள்வி–பதில்: பிளாக் இருக்கிறது, அறிவிப்பைக் காணோம்

கேள்வி: எங்கள் கோயில் தளத்தை ஜாங்கோவில் (பைதானில் இணையதளம் கட்டும் கருவி) எழுதுகிறோம். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தாய் டெம்ப்ளேட்டில் தலைப்பு, அறிவிப்பு, உள்ளடக்கம் என மூன்று பிளாக் (பக்கங்கள் நிரப்பும் இடம்). தைப்பூசக் காவடிப் பக்கத்தில் மட்டும் அறிவிப்பு வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?
– வாசகர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: பிழைச் செய்தி வராததுதான் இதில் பெரிய தொல்லை. 'எக்ஸ்டெண்ட்ஸ்' போட்டு தாய் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் பிள்ளைப் பக்கத்தில் பிளாக்குக்கு வெளியே எதை எழுதினாலும் ஜாங்கோ சத்தமில்லாமல் விட்டுவிடும். பிளாக்கின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே கதிதான்.

முதலில் அறிவிப்பு பிளாக்கில் மாறியை (வேரியபிள்) எடுத்துவிட்டு 'சோதனை' என்று வெறும் சொல்லைப் போடுங்கள். அது திரையில் வந்தால் டெம்ப்ளேட் சரி, கோளாறு வியூவில் (பக்கத்துக்குத் தரவை அனுப்பும் பைதான் ஃபங்ஷன்). அங்கே பக்கத்தை உருவாக்கும் ரெண்டருக்கு மூன்றாவதாகக் கொடுக்கும், பெயரும் மதிப்பும் கொண்ட டிக்‌ஷனரியில் அந்த மாறி அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாறிக்கு ஜாங்கோ வெற்றிடத்தைத்தான் அச்சிடும்.

'சோதனை'யும் வரவில்லையா? பெயரை ஒப்பிடுங்கள். அது சரியென்றால், அந்த பிளாக் தாய்க் கோப்பிலேயே இருக்கிறதா, இல்லை 'இன்க்லூட்' செய்த (உள்ளே சேர்த்த) வேறு கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. இன்க்லூட் ஆகும் கோப்பு தனியாகத் தயாராகி முடிந்த பிறகுதான் பக்கத்தில் சேரும்; அதிலுள்ள பிளாக்கைப் பிள்ளைப் பக்கத்தால் மாற்ற முடியாது. பிளாக்கைத் தாய்க் கோப்புக்கு நகர்த்தி, இன்க்லூடை அதற்குள் வையுங்கள்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே அறிவிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு வியூவிலும் எழுதாதீர்கள், ஒன்றிலாவது விட்டுப்போகும். ரெக்வெஸ்டை வாங்கி டிக்‌ஷனரியைத் திருப்பித்தரும் சிறு ஃபங்ஷனை எழுதி, செட்டிங்ஸில் கான்டெக்ஸ்ட் பிராசஸர் பட்டியலில் சேர்த்தால் போதும்.

கேள்வி: பிரெஞ்சு அறிவிப்பில் மேற்கோள் குறி வரும் இடமெல்லாம் ' என்ற குப்பை தெரிகிறது. 'சேஃப்' ஃபில்டர் போட்டால் சரியாகிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், போர்ட் லூயி

பதில்: விடாதீர்கள். மேற்கோள், < போன்ற குறிகளைப் பாதுகாப்பான குறியீடாக மாற்றுவதுதான் எஸ்கேப்; சேஃப் அதை நிறுத்திவிடும். சேஃப் போட்ட இடத்தில், அறிவிப்பு எழுதும் யாரும் ஸ்கிரிப்டையும் ஓட்டிவிடலாம். டேட்டாபேஸில் சேமிக்கும்போதே ஒருமுறை எஸ்கேப் செய்திருக்கிறீர்கள். காட்டும்போது ஜாங்கோ தானாக இன்னொரு முறை செய்கிறது. சேமிக்கும் வரியிலுள்ள எஸ்கேப்பை நீக்குங்கள். பழைய பதிவுகளை பேக்கப் எடுத்துக்கொண்டு, பைதானின் எச்டிஎம்எல் மாட்யூலில் உள்ள அன்எஸ்கேப்பால் ஒரே ஒரு முறை திருத்துங்கள். அதன்பின் சேஃப் தேவைப்படாது.

கேள்வி: அறிவிப்பு 'வெளியான நேரம்' நான்கு மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது. 4 கூட்டிவிடலாமா?
– வாசகர், கத்ர் போர்ன்

பதில்: கூட்ட வேண்டாம். புது புராஜெக்டில் டைம் ஸோன் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருக்கும், மொரிஷியஸ் அதற்கு 4 மணி நேரம் முன்னால். செட்டிங்ஸில் 'Indian/Mauritius' என்று மாற்றினால் தானாகப் பதிவான நேரங்கள் சரியாகிவிடும். ஆனால் நீங்கள் கையால் அடித்த பூசை நேரங்கள் இப்போது 4 மணி நேரம் முன்னே ஓடும்: மாலை 6 இரவு 10 ஆகிவிடும். மாற்றிய அன்றே அவற்றை அட்மினில் திறந்து திருத்தி, பிறகு பக்கத்தை வெளியிடுங்கள்.