முன்பு எதிர்த்து நின்றவர்களையே அமைச்சராக்குவது பலவீனமா, அரசியல் உத்தியா?

பலவீனம் இல்லை. ஆனால் வெறும் பதவி கொடுத்தால் போதாது, என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1954-ல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் காமராஜருக்கு 93 ஓட்டு, சி. சுப்பிரமணியத்துக்கு (சி.எஸ்.) 41. பக்தவத்சலமும் சி.எஸ். பக்கம்தான். ஏப்ரல் 13-ல் காமராஜர் பதவியேற்றபோது மந்திரிகள் அவரையும் சேர்த்து எட்டே பேர். அதில் இந்த இருவரும் இருந்தார்கள்! அந்த 41 பேர் தனி அணியாகத் திரளவில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிற லாபம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த மாதம் நடந்தது. ராஜாஜி கொண்டுவந்து, 'குலக்கல்வி' என்று எதிர்ப்பைச் சம்பாதித்த திட்டத்தை (பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில்) கைவிடுவதாக மே 18-ல் அறிவித்தவர் கல்வி அமைச்சராகத் தொடர்ந்த சி.எஸ். முந்தைய ஆட்சியில் அதே திட்டத்துக்காக வாதாடியவர் அவர். காமராஜரே எழுந்து அறிவித்திருந்தால் ராஜாஜி தரப்பை மட்டம் தட்டியதாக ஆகியிருக்கும். சி.எஸ். சொன்னதால் அது அரசாங்கத்தின் முடிவாக நின்றது. அப்புறம், 1963-ல் காமராஜர் கட்சி வேலைக்குப் போனபோது முதல்வரானவர் பக்தவத்சலம்.

1954-ல் எங்கள் குமரி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் காமராஜரை டில்லிக்கு அனுப்பியது. என் தாத்தாவும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்.

குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் பால் சங்கத் தேர்தலில் நான் 11 ஓட்டில் ஜெயித்தேன். எதிர்த்து நின்ற அண்ணாச்சியின் ஒரே குற்றச்சாட்டு, மாதிரி எடுப்பதில் கள்ளம் நடக்கிறது என்பது. பாலை எடை போட்டு, சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, அதில் எத்தனை சதவீதம் ரப்பர் என்று பார்த்துத்தான் பணம். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, மாதிரி எடுக்கிற பொறுப்பை நீங்களே பாருங்க" என்றேன். கூட நின்றவர்கள் என்மேல் கோபப்பட்டார்கள். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார்.

ஆனி மழையில் சிரட்டையில் தண்ணீர் விழுந்து சதவீதம் இறங்கியது. வழக்கம்போல ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சிதான் புத்தகத்தை விரித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே விரல் வைத்து, எந்த நாள் மழை, எந்த நாள் வெயில் என்று காட்டினார். நான் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இது மூன்றாவது வருஷம். பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது இன்றைக்கும் அவர்தான்.