கேளுங்கள், சொல்கிறோம்: பேருந்து எஞ்சினில் ஓடிய ரயில்

கே: 1930களில் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, பேருந்து எஞ்சினைப் பூட்டி ரயில் ஓட்டியதாமே. அது எப்படிப் போதும்?
*(வாசகர், தோ பாயோ)*

போதும், வண்டி தனியாகப் போகும்வரை. 1933 டிசம்பரில் ஓடத் தொடங்கிய முதல் ரயில்காரின் (தனக்கே எஞ்சின் உள்ள பயணிகள் பெட்டி) எடை 24 டன், இருக்கைகள் 69. அதற்குப் பூட்டியது பேருந்து தயாரிப்பாளரான ஏஇசி நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்: 8.85 லிட்டர், 130 குதிரைத்திறன். லண்டன் பேருந்துகளுக்குச் செய்த அதே வகை. இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருளுவதால் சமதளத்தில் டன்னுக்கு ஐந்து கிலோ இழுவிசைகூடத் தேவைப்படாது. மணிக்கு 60 மைலை எட்டியதில் அதிசயமில்லை. வழவழப்பான உடலைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் 'பறக்கும் வாழைப்பழம்'.

கே: கியர் எப்படி மாற்றினார்கள்? எது அதிகம் பழுதானது?
*(வாசகர், ஈசூன்)*

எஞ்சின் தரைக்கு அடியில் படுத்திருக்கவில்லை. வண்டியின் அடிச்சட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நின்றது. அதன் விசை முதலில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் என்ற சக்கரத்துக்கும், அங்கிருந்து நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிப் பிற பல்சக்கரங்கள் சுழலும் எபிசைக்ளிக் கியர்பாக்ஸுக்கும், பிறகு நீள்தண்டு வழியாகச் சக்கர அச்சுக்கும் போகும். 1977 முதல் சிங்கப்பூரில் ஓடிய லேலண்ட் அட்லாண்டியன் மாடிப் பேருந்துகளின் கியர்பாக்ஸும் இதே குடும்பம்தான்.

இந்தக் கியர்பாக்ஸில், உச்ச கியரைத் தவிர ஒவ்வொரு கியருக்கும் ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு பிரேக் பட்டை. எந்தப் பட்டை இறுகுகிறதோ அந்தக் கியர் வேலை செய்யும். பல்லோடு பல் மோதாது. ஆனால் எரிபொருளைக் குறைக்காமல் கியர் மாற்றினால் பட்டை வழுக்கித் தேயும். எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பட்டையை. ஃப்ளூயிட் ஃப்ளைவீலின் நோய் வேறு: பாரத்தோடு மெதுவாக ஊர்ந்தால் எண்ணெய் சூடேறி, தண்டைச் சுற்றிய அடைப்பு வழியாகக் கசியும். அளவு குறைந்தால் பிடிப்பும் குறையும்.

இந்த எண்ணெய்க் கசிவை அலட்சியப்படுத்தினால் ஆபத்து. கீழ்ப்பக்கத்தை மூடிய அலங்காரத் தகடுகளுக்குள் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து, பக்கத்திலேயே சூடான புகைக்குழாயும் இருந்தால் தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? இந்த வகையில் சில வண்டிகள் எரிந்தே அழிந்தன. அழகுக்காகப் போட்ட தகடு பழுது பார்ப்பவருக்கும் பகைதான்.

கே: கூட்டம் கூடினால் இன்னொரு பெட்டியைக் கோத்துக்கொள்ளலாமே?
*(வாசகர், சுவா சூ காங்)*

அதில்தான் சிக்கல். 1934இல் பர்மிங்ஹாம் - கார்டிஃப் இடையே, 117 மைல் தூரத்துக்கு, இரட்டை எஞ்சினும் சிற்றுண்டிப் பகுதியும் கொண்ட விரைவு ரயில்கார் விட்டார்கள். 44 இருக்கைகள்தான். ஆட்கள் பெருகியதும் பெட்டி கோக்க வழியில்லாமல், நீராவி ரயிலையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தன் வெற்றியாலேயே வேலையிழந்த வண்டி என்று சொல்லலாம்.

கணக்கைப் பாருங்கள். நூறு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் டன்னுக்குப் பத்து கிலோ இழுவிசை கூடுதலாக வேண்டும். 24 டன்னுக்கு 240 கிலோ. பின்னால் 60 டன் கட்டினால் 840 கிலோ. வேகத்தை விட்டுக்கொடுக்காமல் அந்த எஞ்சினால் அது முடியாது. மேலும், முதல் வண்டிகளின் இலேசான சட்டம் இழுக்கும் வேலைக்கென்று செய்ததல்ல.

1937இல் வந்த 18ஆம் எண் வண்டிக்குத்தான் வழக்கமான பஃபரும் (மோதலைத் தாங்கும் முட்டு) இழுவைக் கொக்கியும் வைத்தார்கள். லாம்போர்ன் கிளைப் பாதையில் அது பந்தயக் குதிரைகளின் பெட்டிகளையும் இழுத்தது. கடைசியாக ஸ்விண்டன் பணிமனையில் கட்டியவற்றில், இரண்டு ரயில்கார்களுக்கு நடுவே சாதாரணப் பெட்டியைச் செருகும் ஜோடிகளும் இருந்தன. மொத்தம் 38 வண்டிகள். 1962க்குள் எல்லாம் ஓய்வு பெற்றன.

கே: ஜூன் விடுமுறைக்கு லண்டன் போகிறோம். ஒன்றையாவது பார்க்க முடியுமா?
*(வாசகர், தெம்பனிஸ்)*

பேடிங்டனில் ரயிலேறி டிட்காட் பார்க்வேயில் இறங்குங்கள். நிலையத்தை ஒட்டியே ரயில் அருங்காட்சியகம். அங்கே 22ஆம் எண் வண்டி இருக்கிறது. இரண்டு எஞ்சின்கள், தலா 105 குதிரைத்திறன். அது ஓடும் நாள்கள் குறைவு. கிளம்புமுன் அட்டவணையைப் பாருங்கள். முகத்தைப் படமெடுத்துவிட்டு நகராமல், பக்கவாட்டில் குனிந்து, சக்கரங்களைத் தாங்கும் போகி என்ற சட்டத்தைப் பாருங்கள். நீள்தண்டு அச்சின் நடுவில் அல்ல, ஓரத்தில் போய்ச் சேர்வது தெரியும்.